துருவேறிய மைக்ரோமீட்டரும் அது பிடித்துக்கொள்ளும் இடங்களும்

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மைக்ரோமீட்டர், அதாவது தகடு, தண்டு போன்றவற்றின் கனத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை அளக்கும் கைக்கருவி, கிடைப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. மூடிப்போன மில்களின் ஃபிட்டர் அறைகளிலிருந்தும், டிஜிட்டலுக்கு மாறிவிட்ட லேத்துப் பட்டறைகளிலிருந்தும் கைமாறி வந்தவை. பெரும்பாலும் எடைக்குத்தான் போடுவார்கள். நான் வாங்கியது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த மூர் அண்ட் ரைட், 0–1 அங்குலம். சட்டத்தில் கம்பெனிப் பெயர் மட்டும் படிக்கும்படி இருந்தது. மற்றதெல்லாம் செம்பழுப்புத் துரு. அளவு 0.430 வாக்கில் நின்றுபோயிருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. “ஜாம் ஆயிருச்சுங்க, கண்ணாடி அலமாரியில வச்சுக்கலாம்” என்றார் கடைக்காரர்.

மைக்ரோமீட்டர் சுழலவில்லை என்றதும் திம்பிளை, அதாவது விரலால் சுழற்றும் உருளையை, பிடித்துத் திருகுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இந்தக் கருவி பிடித்துக்கொள்ள ஐந்தாறு இடம் உண்டு. எந்த இடம் என்று தெரியாமல் பலத்தைக் கொடுத்தால் துரு விடாது, மெல்லிய பாகம்தான் வளையும். நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் இதுதான்: எண்ணெய் எது, சூடு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம், எங்கே பிடித்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். பாரிஸைச் சேர்ந்த ழான் லோரான் பால்மர் 1848இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அடிப்படையில் இன்னும் மாறவில்லை. சி வடிவச் சட்டம். அதன் ஒரு முனையில் ஆன்வில் என்ற அசையாத முனை. மறுமுனையில் துல்லியமாகக் குடைந்த துளை வழியாக ஸ்பிண்டில் என்ற தண்டு வருகிறது; அளக்கும் பொருள் இரண்டுக்கும் நடுவில். ஸ்பிண்டிலின் பின்பாதியில் மரை; அங்குல அளவு என்றால் அங்குலத்துக்கு 40 மரை, அதனால் ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம் நகரும். அளவுக்கோடுகள் போட்ட ஸ்லீவ் என்ற குழாய் சட்டத்தோடு நிற்க, அதன்மேல் தொப்பி மாதிரி திம்பிள் சுழல்கிறது. திம்பிளின் விளிம்பில் 25 பிரிவு, ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம். கடைசியில் ராட்செட், அதிகமாக இறுக்காமல் நழுவிக்கொள்ளும் சிறு திருகுபிடி. சட்டத்தின் வாயருகே ஸ்பிண்டிலை இறுக்கி நிறுத்தும் லாக் வளையம். எந்த நாட்டில் எந்தப் பெயரில் செய்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே இங்கே சொல்வது ஸ்டாரெட்டுக்கும் பொருந்தும், மிட்டுடோயோவுக்கும் பொருந்தும்.

பிடித்துக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன். பூஜ்யத்தில் இறுக மூடி வைத்த கருவி என்றால் ஆன்வில் முகமும் ஸ்பிண்டில் முகமும் (பொருளைத் தொடும் பரப்புகள்) ஒன்றோடொன்று துருவேறி ஒட்டியிருக்கும். அடுத்தது லாக் வளையம். அப்புறம் சட்டத்தின் துளைக்குள் ஸ்பிண்டில். பிறகு ஸ்லீவுக்கும் திம்பிளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி. கடைசியாகத்தான் மரை. ராட்செட் தனிக் கதை. அது பிடித்திருந்தாலும் மற்றது சுழலும்.

எல்லோரும் பயப்படுவது மரையைப் பார்த்துத்தான். ஆனால் மரை ஸ்லீவுக்குள், திம்பிளின் மூடிக்குக் கீழே, பழைய எண்ணெயில் ஊறிப் பாதுகாப்பாக இருக்கும் பாகம். வெளிக்காற்றும் கைவியர்வையும் படுவது மற்ற இடங்களில். என்னுடையதிலும் அப்படித்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் மில்லில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். திம்பிளைத் தொடவே இல்லை.

“லாக்கைப் பாத்தீங்களா தம்பி?”

“அதுவும் சுத்தலைங்க ஐயா.”

“சுத்தாது. யாரோ இறுக்கி வச்சுட்டுப் போயிருக்காங்க. அதை விடாம மத்ததைத் திருகுனா மரைதான் போகும்.”

லாக் வளையத்துக்குள் பிளவு போட்ட ஒரு சிறு குழல், புஷ், இருக்கும். வளையத்தை இறுக்கினால் புஷ் சுருங்கி ஸ்பிண்டிலைக் கவ்வும். இறுக்கிய நிலையிலேயே வருஷக்கணக்காக விட்டால், கவ்விய இடத்தில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி மட்டுமே உள்ள பொருத்தத்தில் கொஞ்சம் துரு வந்தாலே போதும், ஆப்பு அடித்தது போலாகிவிடும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். கடையில் டபிள்யூடி-40 வாங்கி அடித்துவிட்டு அரைமணியில் திருகிப் பார்ப்பதுதான் வழக்கம். அது 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட திரவம். துருவை இளக்க ஓரளவு உதவும். ஆனால் கருவிக்குள் நிரந்தர எண்ணெயாக அதை நம்பக் கூடாது. ஆவியாகும் பகுதி போனபின் மிச்சம் நிற்பது மெல்லிய படலம்தான். எனக்குக் கைகொடுத்தது மண்ணெண்ணெயோடு கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் கலந்த கலவை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கருவி முழுகும் அளவு ஊற்றி, உள்ளே நிற்க வைத்து மூடிவிட்டேன். முதலில் திம்பிள் மேலே இருக்கும்படி. மறுநாள் தலைகீழாக. மெல்லிய இடைவெளிகளில் காற்று அடைத்துக்கொண்டால் எண்ணெய் ஏறாது. புரட்டி வைத்தால் அந்தக் காற்று வெளியேற வழி கிடைக்கும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சம அளவில் கலந்து ஊற்றுவோரும் உண்டு. நன்றாகவே ஊடுருவும், ஆனால் அசிட்டோன் சட்டத்தின் பெயின்ட்டைக் கரைத்துவிடும். இந்தக் கருவியின் பெயின்ட் மேல் எனக்கு ஒரு பிரியம் இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிடித்திருப்பது எப்போதும் துருவாக இருக்காது. பழைய எண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஆகியும் பிடிக்கும். வேறுபாடு கைக்குத் தெரியும். துரு என்றால் கல்லில் மோதின மாதிரி நிற்கும். அசைந்தால் நறநறவென்று சத்தம் வரும். காய்ந்த எண்ணெய் என்றால் ரப்பர் போல லேசாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். இரண்டாவது வகைக்கு மண்ணெண்ணெயில் ஊறினாலே போதும், வேறு எதுவும் தேவைப்படாது.

சூடு காட்டுவதில்தான் நிறைய நல்ல கருவிகள் வீணாகின்றன. கேஸ் அடுப்பு, வெல்டிங் டார்ச் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஸ்பிண்டிலும் ஆன்விலும் கடினப்படுத்திய எஃகு. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கடினம் குறைய ஆரம்பிக்கும். நீலம் பாய்ந்து விட்டது என்றால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதன்பின் அது அளவுக்கருவி இல்லை. வெந்நீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் ஆபத்தில்லை. கருவியை நன்றாகத் துடைத்து, இரண்டு பாலிதீன் கவரில் போட்டுக் காற்றில்லாமல் கட்டி, நல்ல வெந்நீரில் முக்கி எடுத்தேன். வெளியே எடுத்தவுடன் எண்ணெய். ஆறும்போது உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைப் பலமுறை செய்யலாம், அவசரப்படுத்தினால்தான் கெடும்.

லாக் வளையத்துக்கு மட்டும் ஹேர் டிரையர். இங்கே கணக்கு எளிது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 12 மில்லிமீட்டர் வளையம் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் சுமார் 8 மைக்ரான் பெரிதாகும். ஸ்பிண்டில் சூடேறுவதற்குள் வளையம் சூடேற வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்து விரியும், லாபமில்லை. அதனால் ஸ்பிண்டிலில் குளிர்ந்த ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வளையத்தை மட்டும் வேகமாகச் சூடாக்கினேன். ஒரு எச்சரிக்கை: மண்ணெண்ணெயில் ஊறிய கருவியை அப்படியே டிரையரின் முன் நீட்டக் கூடாது. டிரையருக்குள் பழுக்கக் காய்ந்த கம்பிச்சுருள் இருக்கிறது. துடைத்து, காற்றாட விட்டு, வாசனை போனபின்தான் சூடு. மண்ணெண்ணெய் பாட்டிலும் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

சூடான வளையத்தைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். தட்டுவது அடிப்பதற்கல்ல, துருவின் பிடிப்பை உதறிவிடுவதற்கு. பிறகு பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையை வளையத்தில் சுற்றி, கையாலேயே திருகினேன். சிறு ‘டிக்’ சத்தத்தோடு விட்டது. விட்ட இடத்திலிருந்து செம்பழுப்புச் சாறு கசிந்தது.

சைக்கிள் டியூபைப் பற்றி ஒரு வார்த்தை. திம்பிளை ப்ளையரால் பிடிக்கவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், கோடுகள் கெட்டுவிடும் என்பதற்காக. கோடுகள் கெடுவது சின்ன நஷ்டம். திம்பிள் மெல்லிய குழாய். ப்ளையரின் இரண்டு வாய்களும் அழுத்தினால் வட்டம் நசுங்கி ஸ்லீவைக் கவ்விக்கொள்ளும். அதாவது விடுவிக்கப் போய் இன்னொரு இடத்தில் பிடிக்க வைக்கிறீர்கள். ரப்பர் பட்டை சுற்றளவு முழுவதும் சமமாக அழுத்துவதால் அது நடக்காது. அதற்கும் மசியாவிட்டால் ஒரு மரக்கட்டையில் திம்பிளின் விட்டத்துக்குத் துளை போட்டு, துளையின் நடுவே அறுத்து இரண்டாக்கி, உள்ளே தோல் ஒட்டி, வைஸில் மெதுவாகப் பிடிக்கலாம். சட்டத்தை வைஸில் பிடிக்க வேண்டி வந்தால் அதன் தட்டையான பக்கங்களில் மட்டும், துணி வைத்து. சி வடிவத்தை வாய் மூடும் திசையில் நெருக்கினால் ஆன்விலும் ஸ்பிண்டிலும் நேர்கோட்டிலிருந்து விலகும்.

லாக் விட்டாயிற்று. இனி திம்பிளைச் சுழற்ற வேண்டியதுதானே என்றால், இல்லை. இங்கேதான் பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் வருகிறது, நான் வேறெங்கும் கேள்விப்படாதது. 0.430இல் நின்ற கருவியில் ஸ்பிண்டிலின் ஒரு பகுதி சட்டத்தின் வாய்க்குள் வெளியே நீட்டியிருக்கிறது, துருவோடு. ஸ்லீவிலும் 0.430 அங்குலம் திம்பிளுக்கு வெளியே தெரிகிறது, அதுவும் துருவோடு. வாயைத் திறக்கும் பக்கம் சுழற்றினால் துருப்பிடித்த ஸ்பிண்டில் சட்டத்தின் துளைக்குள் இழுபடும். மூடும் பக்கம் சுழற்றினால் திம்பிளின் உட்புறம் துருப்பிடித்த ஸ்லீவின் மேல் ஏறும். இரண்டு திசையிலும் ஒரு ஆபத்து. துருத்தூள் எமரி மாதிரியே அரைக்கும். துளையில் கீறல் விழுந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே ஒரு திசையிலும் நகர்த்துவதற்கு முன் வெளியே தெரியும் இரண்டு பரப்புகளையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

ஸ்பிண்டிலின் உடம்பை மிக மெல்லிய ஸ்டீல் வுல்லும் எண்ணெயும் வைத்து, நீளவாட்டில் இல்லாமல் சுற்றுவாட்டில் தேய்த்தேன். முகத்தைத் தொடவில்லை. ஸ்லீவில் கோடுகள் இருப்பதால் அங்கே ஸ்டீல் வுல் கூடாது. எண்ணெய்த் துணி, மூங்கில் குச்சி, பென்சில் ரப்பர் இவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் துரு வந்தது. கோடுகள் தெரிய ஆரம்பித்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. திம்பிளின் சரிவான விளிம்புக்கும் ஸ்லீவுக்கும் இடையே துரு ஒரு வளையமாகக் கட்டியிருந்தது. அதை மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, சுற்றிச் சுற்றிக் கிளறி எடுத்தேன்.

அப்புறம்தான் சைக்கிள் டியூபைத் திம்பிளில் சுற்றினேன். லேசாக அசைந்தது. அசைந்ததும் ஒரே மூச்சில் சுழற்றிவிடும் ஆசை வரும். வேண்டாம். டேப் போட்டு மரை வெட்டும்போது அரைச் சுற்று போய்க் கால் சுற்று திரும்புவோமே, அதே முறைதான். முன்னால் ஒரு மயிரிழை, பின்னால் ஒரு மயிரிழை, ஒரு சொட்டு எண்ணெய். இறுக்கம் கூடுவது தெரிந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். வரும் எண்ணெய் பழுப்பாக இருக்கும்வரை தூள் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தூள் வருவது நல்லதுதான்.

ஒரு முழுச் சுற்று சுழன்ற பிறகு மிச்சம் எளிதாகவே போனது. முழுவதும் பின்னால் சுழற்றினால் ஸ்பிண்டில் திம்பிளோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மரையைப் பார்த்தேன்: கறுத்துப்போன எண்ணெய், அதற்குக் கீழே பளபளப்பு. பல் துலக்கும் பிரஷும் மண்ணெண்ணெயும் போதுமானதாக இருந்தது. ஸ்லீவின் உட்புறத்தில் துடைக்கும்போது துணிநூல் உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரைக்குள் ஒரே ஒரு நூலிழை போதும், பிற்பாடு வரும் இறுக்கத்துக்குக் காரணம் தேடி அலைய. ராட்செட்டைக் கழற்றுவதாக இருந்தால் பாலிதீன் கவருக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள். அதிலுள்ள ஸ்ப்ரிங் தெறித்தால் கிடைக்காது.

வினிகர், எலுமிச்சை, புளி இதையெல்லாம் பலர் கேட்கிறார்கள். ஸ்பானருக்கும் கத்தரிக்கும் சரி. மைக்ரோமீட்டருக்குக் கூடாது என்பது என் கட்சி. அமிலம் துருவைத் தின்று முடித்ததும் எஃகைத் தின்ன ஆரம்பிக்கும். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் வருகிறதே, அந்தச் சாம்பல் நிறம்தான் இழந்துபோன மைக்ரான்கள். சலவை சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் முறையும் இங்கே பொருந்தாது. கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை அடையும். மேலே குரோம் பூச்சு இருந்தால் அதுவும் உரியலாம். பெரிய இரும்பு வைஸுக்கு அந்த முறையை வைத்துக்கொள்ளலாம்.

முகங்களில் இரண்டு மூன்று துருப்புள்ளி இருந்தது. எமரி பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும்தான். ஆனால் இந்த முகங்கள் ஒரு மைக்ரான் அளவுக்குத் தட்டையாக லேப் செய்யப்பட்டவை, அதாவது மிக நைசாகத் தேய்த்துச் சமன் செய்யப்பட்டவை. கையால் தேய்த்தால் ஓரங்கள் வழிந்துவிடும். பள்ளமாக இருக்கும் புள்ளி அளவைக் கெடுக்காது, மேடாக இருப்பதுதான் கெடுக்கும். எனவே எண்ணெய் தடவிய மிக நைசான ஆயில் கல்லை (தீட்டுக்கல்லை) முகத்தின்மேல் தட்டையாக வைத்து, எடையே இல்லாமல் ஓட்டி, மேட்டை மட்டும் எடுத்தேன். பிறகு சுத்தமான வெள்ளைத் தாளை வாய்க்குள் வைத்து லேசாக மூடி உருவினால் மிச்சத் தூளும் எண்ணெயும் தாளோடு வந்துவிடும். இதை ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் செய்யலாம்.

நன்றாகச் சுழல்கிறது என்பதற்காகச் சரியாக அளக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெரிந்த ஒருவரின் டூல் ரூமில் ஸ்லிப் கேஜ் செட், அதாவது துல்லியமான கனத்தில் செய்த எஃகுக் கட்டைகள், இருந்தது. பூஜ்யத்திலும் ஒரு அங்குலத்திலும் மட்டும் பார்த்தால் போதாது. 0.105, 0.210, 0.315, 0.420, 0.500, 0.605 என்று போகும் ஒரு வரிசை உண்டு. திம்பிளை வெவ்வேறு கோணங்களில் நிறுத்திச் சோதிப்பதற்காகவே அந்த அளவுகள். மரை தேய்ந்திருந்தால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று இதில்தான் தெரியும். கருவியையும் கேஜையும் ஒரே கல் மேசையில் சிலமணி நேரம் வைத்துவிட்டுத்தான் அளந்தேன். அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. கோவை வெயிலில் அது கிடைக்காவிட்டாலும், இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் அநேகமாக ரத்தாகிவிடும். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு போயிற்று.

பூஜ்யம் கொஞ்சம் விலகியிருந்தது. ஸ்லீவைச் சி வடிவச் சிறு ஸ்பானரால் திருப்பிச் சரிசெய்தேன். திம்பிளுக்கு உள்ளே, மரையின் ஆட்டத்தைக் குறைக்கும் நட் ஒன்று உண்டு. ஆட்டம் தெரிகிறதே என்று அதை நன்றாக இறுக்கிவிடத் தோன்றும். அடிக்கடி பயன்பட்ட நடுப்பகுதியில் மரை தேய்ந்திருக்கும், ஓரங்களில் புதிதாகவே இருக்கும். நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் ஓரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். முழு நீளத்துக்கும் சுழற்றிப் பார்த்து, அதிக இறுக்கமான இடத்துக்கு ஏற்றபடிதான் வைக்க வேண்டும்.

முடிவு என்னவென்றால், அரை அங்குலம் வரை என் கண்ணுக்குத் தெரிந்த பிழை இல்லை. 0.605இலும் 0.710இலும் ஆயிரத்தில் அரைப் பங்கு போல அதிகம் காட்டுகிறது. அதற்குமேல் மறுபடி சரியாகிறது. ஆயிரத்தில் அரைப் பங்கு அங்குலம் என்பது 12.7 மைக்ரான். 6203 பேரிங் உட்காரும் 17 மில்லிமீட்டர் தண்டுக்கு கே6 (பேரிங் இறுக உட்காரும் ஒரு அளவுத்தரம்) பொருத்தம் என்றால் அனுமதி +1 முதல் +12 மைக்ரான் வரை, மொத்தமே 11 மைக்ரான். 17 மில்லிமீட்டர் என்பது 0.669 அங்குலம், சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில் போய் விழுகிறது. ஆகவே பேரிங் வேலைக்கு இதை எடுப்பதில்லை. தகட்டு கனம், ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடு, கம்பியின் விட்டம், ட்ரில் பிட்டின் அளவு இதற்கெல்லாம் தினமும் இதுதான் கையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி, லாக்கைத் தளர்த்தி, முகங்களுக்கு நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டுப் பெட்டியில் வைக்கிறேன். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் போட்டுவிடுவேன்.